றீற்றாவின் மைக்கில் ஒரு வண்டு

திருகோணமலை நகரத்தில் றீற்றாவின் குரல் போகாத ஒழுங்கை இல்லை. றீற்றாதான் எங்கும் போவதில்லை. காலையில் மீன் ஓட்டோவின் கூரையில் கட்டிய ஒலிபெருக்கியில் "சூடை, கீரி, பாரை, உங்கட வாசலுக்கே வருது" என்று கூப்பிடுவது அவள் குரல். பத்து மணிக்குப் பழைய இரும்பும் உடைந்த பிளாஸ்ரிக் கதிரையும் வாங்க வருகிற லொறியில் பேசுவதும் அவள்தான். சேலைக்கடையின் மலிவு விற்பனை, கண் பரிசோதனை முகாம், காணாமல் போன சிவப்புப் பசு, எல்லாம் அவள் வாயால்தான் ஊருக்குத் தெரியவந்தன. ஆனால் அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி லிங்கநகரில் ஒரு சின்ன வீட்டில், சுவரில் மெத்தையைச் சாய்த்து வைத்த சாமான் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறாள் என்பது அவளுடைய கணவன் ஹெக்டரையும் பதிவு செய்விக்க வருகிற நாலைந்து பேரையும் தவிர ஒருவருக்கும் தெரியாது.

தெரிய வேண்டும் என்று அவளும் நினைத்ததில்லை. ஒருமுறை ஞாயிறு பூசையில் வாசகம் வாசிக்கச் சொல்லிப் பாதர் கேட்டார். மறுக்கத் தெரியாமல் போய் நின்றாள். இரண்டாவது வரியில் முழங்கால்கள் ஆட, குரல் வந்த வழியே தொண்டைக்குள் திரும்பிப் போய்விட்டது. கடையில் சாமான் கேட்டால் கடைக்காரர் "என்ன பிள்ளை?" என்று இரண்டு தரம் கேட்பார். சாமான் அறைக்குள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மைக்கின் முன்னால் இருந்தால் மட்டும் அவளுக்கு யாரோ முதுகில் தட்டிவிட்டதுபோல் இருக்கும். குரல் நிமிர்ந்து வரும்.

பக்கத்து வீட்டுச் சோபனா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "அந்த மீன் ஓட்டோக்காரியின்ர குரலைக் கேட்டீங்களே அக்கா? வெண்கலம் மாதிரி. கொழும்பில படிச்ச பிள்ளையா இருக்கும்" என்பாள்.

"ஓம், கேட்டனான்" என்று மெல்லச் சொல்லிவிட்டு றீற்றா உள்ளே வருவாள். அந்த ஒரு பேச்சு அவளுக்கு ஒரு கிழமைக்குப் போதும்.

அந்தக் குரலில்தான் இப்போது வண்டு புகுந்திருந்தது.

புதன்கிழமை காலை நௌபர் வந்து படலையில் நின்றான். கிண்ணியாவிலிருந்து நான்கு ஓட்டோக்களில் நகரத்துக்கு மீன் கொண்டுவருகிறவன். அவனுடைய விளம்பரம்தான் றீற்றா முதன்முதலாகச் செய்தது. மற்றவர்களெல்லாம் அதைக் கேட்டு வந்தவர்கள்.

"அக்கா, கோவிக்கப்படாது. உங்கட குரலுக்குப் பின்னால ஒரு வண்டு நிண்டு இரையுது."

"அவ்வளவுக்குக் கேக்குதே?"

"கேக்குதாவா? ஒலிபெருக்கியில போட்டா அது ஒரு வண்டில்ல, வண்டுக் கூட்டம். நேத்து உப்புவெளியில ஒரு வயசான உம்மா மீன் வாங்க வந்திட்டு, 'தம்பி, உன்ர ஓட்டோ எஞ்சின் சாகப் போகுது, முதல்ல அதைப் பாரு' எண்டு சொல்லிட்டுப் போறா. மீனும் வாங்கல்ல."

றீற்றாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் நௌபர் சிரிக்கவில்லை. போனை எடுத்து ஒன்றைப் போட்டுக் காட்டினான். "மீன். புதிய மீன். உங்கள். வாசலில்" என்று ஒரு பெண் குரல் பேசியது. எழுதிக் கொடுத்தால் போன் தானே படித்துவிடுமாம்.

"செத்த மீன் கதைக்கிற மாதிரி இருக்கே" என்றாள் றீற்றா.

"செத்த மீன்தானே அக்கா நான் விக்கிறது." நௌபர் போனைச் சட்டைப் பையில் போட்டான். "எனக்கும் இது விருப்பமில்ல. ஆனா இதுல வண்டு இல்ல. இருமல், தடிமன் பிடிக்காது. சனிக்கிழம காலமைக்கு நாலு ஓட்டோவுக்கும் புதுசு போடணும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிய என்னென்ன மீன் எண்டு எழுதி அனுப்புறன். வண்டைக் கொண்டிட்டுத் தந்தீங்களெண்டா உங்கட குரல். இல்லாட்டி பெட்டிக் குரல்தான், என்ன செய்ய?"

அவன் போன பிறகு றீற்றா சாமான் அறைக்குள் போய் இருந்தாள். நௌபர் போனால் இரும்பு லொறி போகும். லொறி போனால் சேலைக்கடையும் போகும். பிறகு இந்த அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்க அவளுக்கு என்ன காரணம்? மெத்தையைத் திரும்பக் கட்டிலில் போட வேண்டியதுதான். ஊரில் அவளுக்கென்று சத்தமாகப் பேச ஒரு இடம் இருந்தது. அதுவும் இல்லாமல் போகும்.

வண்டு வந்தது உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு. அது அவளுக்கு நல்ல நினைவு. பெரிய சனிக்கிழமைதான் குசினியில் புதுச் சிங்க் வைத்தார்கள். கல்யாணம் முடித்துப் பதினொரு வருடமாக வீட்டுக்குப் பின்னால் ஒரு கல்லில் குந்தியிருந்துதான் அவள் மீன் கழுவினாள். நின்றுகொண்டே கழுவ ஒரு சிங்க் வேண்டுமென்று எத்தனையோ தரம் கேட்டாயிற்று. ஹெக்டர் சீனன்குடாவில் குழாய் பொருத்துகிறவன். ஊரில் உள்ள குழாயெல்லாம் பொருத்திவிட்டுக் கடைசியில் தன் வீட்டுக்கு வந்தான். பளபளவென்று சிங்க், வளைந்த குழாய், கழிவுத் தண்ணீர் வீட்டின் முன்னால் றோட்டுக் கானுக்குப் போக நீளமாக ஒரு பைப். பாதரைக் கூப்பிட்டுக் குசினியை மந்திரிக்கவும் செய்தார்கள். ஹெக்டருக்கு அந்தச் சிங்கில் அவ்வளவு பெருமை. வருகிறவர்களுக்குத் தேத்தண்ணீர் கொடுக்க முன்னமே குழாயைத் திறந்து காட்டுவான்.

அடுத்த கிழமையே ஹெட்போனில் "உம்ம்ம்" என்று ஒரு இரைச்சல் எழும்பியது.

"பாதர் தெளிச்ச தீர்த்தம் பிளக் ஓட்டைக்குள்ள போயிருக்கும்" என்றான் ஹெக்டர்.

"தீர்த்தம் பட்டாப் பிசாசு போகும் எண்டுதான் கேள்விப்பட்டனான். வண்டு வரும் எண்டு ஆரும் சொல்லேல்லை."

ஆனாலும் ஹெக்டர் மெயினை நிறுத்திப் பிளக்கைக் கழற்றி, துணியால் துடைத்து, அரை நாள் வெயிலில் வைத்து மாட்டினான். வண்டு போகவில்லை. றீற்றா தன் பாட்டில் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தாள். விசிறியை நிறுத்தினாள். பிரிட்ஜை நிறுத்தினாள், அதற்குள் இருந்த ஐஸ்கிறீம் பாயாசமானது. போனைக் கொண்டுபோய் வெளியே வைத்தாள். கரண்டு வயரையும் மைக் வயரையும் ஒன்றோடொன்று உரசாமல் தள்ளிப் போட்டாள். கொம்பியூட்டரையும் மைக் பூட்டுகிற மிக்சர் பெட்டியையும் ஒரே பிளக்கில் சேர்த்து மாட்டினாள். ஒவ்வொன்றுக்கும் வண்டு ஒரு மயிரிழை அடங்கி, இனிப் போய்விடும் என்று நினைக்கும்போது அங்கேயே நின்றது. இரைச்சலை அழிக்கிற வசதி கொம்பியூட்டரில் இருந்தது. அதைப் போட்டால் வண்டோடு சேர்த்து அவள் குரலிலும் பாதியைச் சாப்பிட்டுவிட்டது. மிச்சம் தகரப் பேணிக்குள் இருந்து பேசியது. அசல் பெட்டிக் குரல்.

ஒன்று மட்டும் அவளுக்குப் புதினமாக இருந்தது. மைக் பூட்டியிருந்த இரும்புத் தண்டைக் கையால் பிடித்தால் வண்டு கொஞ்சம் அடங்கும், விட்டால் எழும்பும். குழந்தையைத் தட்டித் தூங்கவைப்பதுபோல் தண்டைப் பிடித்துக்கொண்டுதான் இரண்டு மாதமாகப் பதிவு செய்தாள்.

புதன் பின்னேரம் ஹெக்டர் இராகுலனைக் கூட்டிக்கொண்டு வந்தான். திருவிழாக்களுக்கும் கல்யாண வீடுகளுக்கும் ஒலிபெருக்கி கட்டுகிறவர் இராகுலன். றீற்றா தண்டைப் பிடித்தும் விட்டும் காட்ட, அவர் ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடி, சங்கீதம் கேட்பவர்போலத் தலையை ஆட்டினார்.

"எர்த் பிரச்சினை" என்றார்.

"தீர்த்தப் பிரச்சினை இல்லையோ?" என்றான் ஹெக்டர்.

"விசர்க் கதை கதையாதை ஐசே. இந்தக் கொம்பியூட்டர் பிளக்குக்குள்ள ஒரு பச்சை வயர் இருக்கு. அதைக் கழட்டி விட்டாச் சரி. என்ர அம்பிளிபயருக்கு இருபது வருஷமாப் பச்சை வயர் இல்லை."

கழற்றினார். வண்டு இரண்டு மடங்காகச் சத்தம் போட்டது. றீற்றா பேசிப் பார்க்கக் குனிந்தபோது உதடு மைக்கில் பட்டது. மைக் கடித்தது. எறும்பு கடித்த அளவுதான், ஆனால் அவள் "அம்மா!" என்று கத்தியது சோபனா வீடு வரைக்கும் கேட்டிருக்கும்.

"என்ர மனிசியைப் பொரிக்கவோ உம்மைக் கூட்டிக்கொண்டு வந்தனான்?" என்று ஹெக்டர் பாய்ந்தான்.

இராகுலன் முகம் கறுத்துப்போய்ப் பச்சை வயரைத் திரும்ப இருந்த இடத்திலேயே பூட்டினார். தன் அம்பிளிபயருக்கும் வீட்டுக்குப் போனதும் பூட்டிவிடுவதாகச் சொன்னார். "நாளைக்கு யோசிச்சுக்கொண்டு வாறன், தங்கச்சி" என்று செருப்பைத் தேடினார்.

வியாழக்கிழமை ஹெக்டர் வேலைக்குப் போன பிறகு றீற்றா கணவாய் துப்புரவாக்கினாள். தோலும் மையுமாகப் போய்ச் சிங்க் அடைத்துக்கொண்டது. கறுப்புத் தண்ணீர் விளிம்பு வரை வந்து நின்று அவளைப் பார்த்தது. வேறு வழியில்லை. சட்டியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்ப் பழைய கல்லில் குந்தினாள். கணவாயையும், மத்தியானத்துக்கு வைத்திருந்த சூடையையும் உப்புப் போட்டு அலசி, கழுவின தண்ணீரைப் பழைய பழக்கத்தில் குசினிச் சுவரின் அடியில் வீசி வீசி ஊற்றினாள். முழங்கால் நொந்தது. சிங்கின் அருமை தெரிந்தது.

கறி அடுப்பில் இருக்கும்போதே இரும்பு லொறிக்காரருக்கு ஒரு வரி பதிய வேண்டியிருந்தது. ஹெட்போனை மாட்டினாள். முதலில் ஹெட்போன் பழுதாகிவிட்டது என்றுதான் நினைத்தாள். சத்தமே இல்லை. தண்டிலிருந்து கையை எடுத்தாள். அப்போதும் இல்லை. பிறகு அவளுடைய மூச்சு கேட்டது. அவள் எச்சில் விழுங்கியது கேட்டது. எங்கோ துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது மெத்தையையும் தாண்டி வந்து மெல்லிய நூல்போலக் கேட்டது. இரண்டு மாதத்துக்குப் பிறகு தன் குரலைத் தனியாகச் சந்தித்ததில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஹெக்டருக்குப் போன் பண்ணினாள்.

"நான் சொன்னனான்தானே! தீர்த்தம் இண்டைக்குத்தான் முழுக்கக் காய்ஞ்சிருக்கு" என்றான்.

மத்தியானம் வந்த இராகுலன், "நான் அந்தப் பச்சை வயரைத் திரும்பப் பூட்டேக்க நல்லா இறுக்கினனான்" என்றார். இரண்டு பேருக்கும் ஓம் ஓம் என்று சொல்லிவிட்டாள். வண்டு போனால் போதும், யார் கொன்றால் என்ன?

வெள்ளி விடிய ஹெக்டர் ஒரு கம்பியை விட்டுச் சிங்க் அடைப்பை எடுத்தான். தண்ணீர் கடகடவென்று இறங்கிப்போவதை மூன்று தரம் காட்டிவிட்டு வேலைக்குப் போனான். றீற்றா அன்றைய மீனை நின்றுகொண்டே, ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு கழுவினாள். ஒரு மணிக்குப் பிறகு நௌபர் மீன் பட்டியலை அனுப்பினான். அதைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு, கதவைச் சாத்தி, ஹெட்போனை மாட்டி, வாயைத் திறந்தாள்.

"உம்ம்ம்ம்."

கையில் இருந்த பட்டியல் கீழே விழுந்தது. நாளைக் காலையில் நான்கு ஓட்டோக்களிலும் செத்த மீன் பேசப்போகிறது. குனிந்து பட்டியலை எடுத்தாள். பிறகு, பாவசங்கீர்த்தனத்துக்குப் போக முன் ஆத்தும சோதனை செய்வதுபோல, நேற்று விடிந்ததிலிருந்து தான் செய்த ஒவ்வொன்றையும் வரிசையாக நினைத்துப் பார்க்கத் தொடங்கினாள். எழும்பினேன். செபம் சொன்னேன். அவருக்குச் சாப்பாடு கட்டினேன். முற்றம் கூட்டினேன். கணவாய் வெட்டினேன். சிங்க் அடைத்தது, ஹெக்டரை மனதுக்குள் திட்டினேன். வெளியே போய்க் கழுவினேன். வந்து பதிந்தேன்.

இன்றைக்கும் எழும்பினாள், செபம் சொன்னாள், கட்டினாள், கூட்டினாள். மீன் மட்டும் வெளியே கழுவவில்லை.

மீன் கழுவுகிறதுக்கும் மைக்குக்கும் என்ன சம்பந்தம்? யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். நல்லகாலம், அருகில் யாரும் இல்லை. அவளுக்கு இன்னொன்றும் உறைத்தது. வண்டு வந்ததே சிங்க் வந்த பிறகுதான். அதற்கு முன் பதினொரு வருடமும் அவள் தினமும் அந்தச் சுவரடியில்தான் தண்ணீர் ஊற்றினாள்.

ஒரு வாளி தண்ணீரை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். வெயிலில் மணல் சாம்பல்போல உதிர்ந்து கிடந்தது. ஊற்றினாள். மணல் ஒரே மிடறில் குடித்தது. ஓடிவந்து ஹெட்போனை மாட்டினாள். வண்டு இருந்தது, ஆனால் தூரத்தில் போயிருந்தது. இரண்டாவது வாளிக்கு, மீன் கழுவும்போது போடுகிறதுதானே என்று ஒரு பிடி உப்பும் போட்டாள். ஊற்றிவிட்டு ஓடிவந்தாள். வண்டு சுவருக்கு அந்தப் பக்கம் நின்று இரைவதுபோல் இருந்தது. மூன்றாவது வாளியோடு போய்விட்டது. பக்கத்து வீட்டில் யாரோ தேங்காய் துருவுவது கேட்டது.

றீற்றா நனைந்த பாவாடையோடு மைக்கின் முன்னால் இருந்தாள். தண்டைப் பிடிக்கத் தேவையில்லாமல் இரண்டு கையும் சும்மா இருந்தன. கையை வீசிப் பேசினாள். "சூடை, கீரி, நெத்தலி! விடியக் கரைக்கு வந்த பாரை! கிண்ணியா நௌபரின்ர மீன் உங்கட வாசலில நிக்குது, சட்டியைக் கொண்டு வாங்கோ!" ஒரே தரத்தில் சரியாக வந்தது. ஆசைக்கு இன்னும் இரண்டு தரம் சொன்னாள்.

அனுப்பின பிறகுதான் அடுத்த கவலை வந்தது. ஹெக்டரிடம் இதை எப்படிச் சொல்வது?

நாலரை மணிக்கு அவன் வந்தான். ஹெட்போனை மாட்டிக் கேட்டான். முகம் மலர்ந்தது. "என்னெண்டப்பா செய்தனி?"

"கோவிக்கமாட்டீங்களெண்டாச் சொல்லுறன்."

"நான் எப்ப கோவிச்சனான்?"

அவனைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய்த் தண்ணீர் ஊற்றிய கதையைச் சொன்னாள். ஈரமாயிருந்த சுவரடியை அவன் ஒரு தடியால் கிளறினான். கரண்டு மீற்றரிலிருந்து சுவரோரமாக இறங்கி வந்த பச்சை வயர், மண்ணுக்குள் அடித்திருந்த ஒரு இரும்புக் கம்பியின் தலையில் கட்டியிருந்தது. கட்டு பாதி துருவாகிக் கிடந்தது. ஹெக்டர் இராகுலனுக்குப் போன் பண்ணினான். அவர் வந்து, கதையைக் கேட்டு, குனிந்து பார்த்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"இதுதான் ஐசே வீட்டின்ர எர்த் கம்பி! சாமான்களில இருந்து ஒழுகுற கரண்டு இதுக்குள்ளாலதான் மண்ணுக்குப் போகவேணும். இது கடல் மணல். காய்ஞ்சாக் கரண்டு இறங்காது. இறங்க ஏலாததெல்லாம் மைக்குக்குள்ள போய் நிண்டு பாடும். தங்கச்சி மைக் தண்டைப் பிடிக்க ஏன் அடங்கினது? தங்கச்சியின்ர உடம்பு எர்த் கம்பி வேலை பாத்திருக்கு."

"முந்தி ஏன் பாடேல்லை?" என்றான் ஹெக்டர்.

"பதினொரு வருஷமா உன்ர மனிசி உப்புத் தண்ணி ஊத்தி இதை வளத்திருக்கிறா. நீ சிங்க் வைச்சுத் தண்ணியை றோட்டுக் கானுக்கு அனுப்பிப்போட்டாய்."

ஹெக்டர் திரும்பிக் குசினி யன்னலைப் பார்த்தான். யன்னலுக்குள் சிங்கின் குழாய் வெயிலில் மினுங்கியது.

"அப்ப என்ர சிங்க்தான் வண்டு" என்றான்.

"அப்பிடி நான் சொல்லேல்லை."

"கழட்டட்டோ?"

"கழட்டிப் பாருங்கோ, நான் அம்மா வீட்ட போயிடுவன்."

இராகுலன்தான் முதலில் சிரித்தார். பிறகு ஹெக்டரும் சிரித்தான். சிரித்துக்கொண்டே உள்ளே போய் பைப் அறுக்கிற வாளையும் திருப்பத்துக்கு ஒரு முழங்கை பைப்பையும் எடுத்து வந்தான். குழாய் வேலை அவனுக்குச் சாப்பாடு சாப்பிடுகிற மாதிரி. றோட்டுக்குப் போன பைப்பை வெட்டி, சுவரைச் சுற்றித் திருப்பி, எர்த் கம்பியின் பக்கத்தில் கொண்டுவந்து விட்டான். இராகுலன் மெயினை நிறுத்திவிட்டுத் துருப்பிடித்த கட்டை வெட்டியெறிந்து பித்தளைக் கட்டொன்று போட்டார். திங்கட்கிழமை இன்னொரு நீளக் கம்பியும் அடித்துத் தருவதாகச் சொன்னார். புதன்கிழமை மைக் கடித்த கணக்குக்கு அது பிராயச்சித்தமாம்.

"ஒரு வாழைக்குட்டியும் வை ஐசே. ஈரம் நிக்கும்."

"மீன் தண்ணி குடிச்ச வாழைப்பழம் ஆர் தின்னுறது?"

"நீதான்."

சனிக்கிழமை எட்டு மணிக்கு ஒழுங்கை முனையில் அவளுடைய குரல் திரும்பியது. பின்னால் வண்டு இல்லை, ஒன்றுமில்லை. குரல் மட்டும் மதில்களில் பட்டுப் பட்டு வந்தது. றீற்றா சட்டியை எடுத்துக்கொண்டு படலைக்குப் போனாள். நௌபர் தானே அந்த ஓட்டோவை ஓட்டிவந்திருந்தான். பெண்கள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். சோபனாவும் மீன் வாங்க ஒரு பேசினோடு நின்றாள்.

"அரைக் கிலோ சூடை" என்றாள் றீற்றா.

"என்னக்கா?"

"அரைக் கிலோ சூடை."

"கேக்கல்லக்கா!" தலைக்கு மேலே அவளுடைய சொந்தக் குரலே அவளைப் பேசவிடாமல் கூப்பாடு போட்டது. நௌபர் காதில் கையை வைத்துக் குனிந்தான். அவனுக்கு நன்றாகக் கேட்டிருக்கும் என்று அவளுக்குச் சந்தேகம். கண்ணில் ஒரு கள்ளச் சிரிப்பு இருந்தது.

றீற்றா சாமான் அறைக்குள் இழுப்பதுபோல ஒரு மூச்சு இழுத்தாள். "அரைக் கிலோ சூடை!" என்று கூப்பிட்டாள்.

சரியாக அந்த நேரத்தில் நௌபர் ஒலிபெருக்கியை நிறுத்தினான். சத்தம் அடங்கிய ஒழுங்கையில் அந்தக் குரல், அச்சு அசலாக அதே குரல், தனியாகப் போய் முனை வீடு வரைக்கும் கேட்டது. ஒரு நாய் எழும்பி நின்றது.

சோபனாவின் கையில் இருந்த பேசின் சரிந்தது. "ஐயோ அக்கா! அது நீங்களே?"

எல்லாரும் பார்த்தார்கள். முழங்கால் ஆடுமென்று றீற்றா காத்திருந்தாள். கொஞ்சம் ஆடியது. பிறகு நின்றுவிட்டது.

"ஓம், நான்தான்" என்றாள். அதுவும் தேவைக்கு மேலே சத்தமாகத்தான் வந்தது.

"கொழும்பில படிச்ச பிள்ளை எண்டெல்லோ நினைச்சன்!"

"லிங்கநகரில படிச்சனான்."

பெண்கள் சிரித்தார்கள். நௌபர் சூடையை நிறுத்துப் போட்டு, மேலே கைப்பிடியளவு நெத்தலியும் போட்டான். "வண்டைக் கொண்டதுக்கு" என்றான்.

றீற்றா குசினிக்கு வந்து, நின்றுகொண்டே மீனைக் கழுவினாள். வாசலில் சோபனா இன்னும் யாருக்கோ விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள். சிங்கில் இருந்த உப்புத் தண்ணீர் சுழன்று இறங்கி, சுவருக்குப் பின்னால் கடகடவென்று விழுந்தது. றீற்றா குழாயைக் கொஞ்சம் கூடவே திறந்துவிட்டாள்.